பெருமாள் மலை: கடைசி ஒரு மணி நேரப் புல்லு

கொடைக்கானல்னா நம்மாளுங்களுக்கு ஞாபகம் வர்றது ஏரி, படகு, தூண் பாறை, குணா குகை, அப்புறம் கிலோ கணக்குல சாக்லேட். அந்த லிஸ்ட்ல சேராத ஒரு மலை இருக்கு. வத்தலக்குண்டுல இருந்து பஸ்ல போனா, கொடைக்கானலுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னாடி பெருமாள்மலைன்னு ஒரு ஊர் வரும். பழனி ரோடு வந்து சேர்ற இடம். எல்லாரும் இறங்கி டீ குடிச்சிட்டு மறுபடி ஏறிப் போயிடுவாங்க. தலையைத் தூக்கிப் பார்த்தா கூம்பு மாதிரி ஒண்ணு நிக்கும். ஊருக்குப் பேர் கொடுத்த மலை அதுதான்.

உயரத்துல இது பெரிய சாதனை எல்லாம் இல்லை. பழனி மலைத்தொடர்ல பெரிசு வந்தரவு சிகரம், 2,500 மீட்டருக்கு மேல. இங்க இமயமலை மாதிரி பனியும் கிடையாது, ஜனவரி விடியக்காலைல புல்லு மேல உப்புத் தூவின மாதிரி உறைபனி இருந்தா உண்டு. ஆனா ஒரே நாள்ல ஏறி இறங்கணும்னா, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தே பழகின உடம்புக்கு இது போதும் போதும்ங்கற மலை.

போன ஜனவரில நானும் மச்சானும் போனோம். அனுமதி விஷயத்தை முதல்லயே முடிச்சுட்டு, உள்ளூர்க்காரர் ஒருத்தரை வழிகாட்டியா கூட்டிக்கிட்டோம். அறுபது வயசுக்குப் பக்கம் இருக்கும். கால்ல ரப்பர் செருப்பு, கையில ஒரு அரிவாள், அவ்வளவுதான் அவர் சாமான். நாங்க ஆளுக்கு ஒரு மூட்டை. அவர் எங்க பையைப் பார்த்துட்டு, "தம்பி, உள்ள அடுப்பு கிடுப்பு எதுவும் இல்லையே?"ன்னு கேட்டார். புளிசாதமும் விருப்பாச்சி வாழைப்பழமும்தான்னு சொன்னப்புறம்தான் நடக்க ஆரம்பிச்சார்.

காலை ஆறரை. முதல் முக்கால் மணி நேரம் காப்பித் தோட்டம். பழம் பறிக்கிற சீசன், சில்வர் ஓக் மர நிழல்ல சாக்கு விரிச்சுப் பொம்பளைங்க வேலையை ஆரம்பிச்சிருந்தாங்க. "எங்க போறீங்க?"

"உச்சிக்கு."

"அங்க என்ன இருக்கு?"

நல்ல கேள்வி. பதில் தெரியல, சிரிச்சு வச்சோம்.

அதுக்கு மேல சீகை மரமும் தைல மரமும். பார்க்கக் காடு மாதிரி இருக்கு, நல்ல நிழல், ஆனா குருவிச் சத்தம் கம்மி. ஒரு இடத்துல அண்ணன் கையைக் காட்டி எங்களை நிறுத்தினார். முப்பது அடில ஒரு காட்டுமாடு, தனி ஆம்பளை. அது எங்களைப் பார்த்துச்சு, நாங்க அதைப் பார்த்தோம். அஞ்சு நிமிஷம் யாரும் அசையல. அப்புறம் அது பெருமூச்சு விட்டுட்டுப் பள்ளத்துக்குள்ள இறங்கிடுச்சு. மச்சான் அதுவரை மூச்சே விடலைன்னு நினைக்கிறேன் :-)

மரம் முடியற இடத்துல இருந்துதான் மலையே ஆரம்பிக்குது. செங்குத்தாப் புல்லு, நடுநடுவுல பாறை. வளைஞ்சு போற பாதையெல்லாம் கிடையாது, நேரா மேல. கால் வச்சா வழுக்குது, புல்லைப் பிடிச்சா கையோட வருது. இருபது அடி ஏறினா ஒரு நிமிஷம் நிக்கணும். இதான் உச்சின்னு நினைச்சு ஏறினா, பின்னாடி இன்னொண்ணு நிக்குது. இப்படி மூணு தடவை. மச்சானுக்கு முழங்கால் பிடிச்சுக்கிச்சு. "நீங்க போங்க, நான் இங்கயே உக்காந்துக்கறேன்"னார்.

அண்ணன் ஒத்துக்கல. "இந்தப் புல்லுல யாரையும் தனியா விட மாட்டேன். மூணு பேரும் மேல போவோம், இல்ல மூணு பேரும் கீழ போவோம்."

ஏன் இவ்வளவு கண்டிப்புன்னு மூச்சு வாங்கிக்கிட்டே கேட்டேன். ஒரு வார்த்தைதான் சொன்னார். "குரங்கணி."

2018 மார்ச் 11. போடிக்கு மேல, கொழுக்குமலைல இருந்து குரங்கணிக்கு இறங்கிக்கிட்டிருந்த நம்மள மாதிரி ஆளுங்க, காஞ்ச புல்லுச் சரிவுல தீக்குள்ள மாட்டினாங்க. 23 பேர் போயிட்டாங்க. சமதரைத் தீ வேற, சரிவுத் தீ வேற. மேல இருக்கிற புல்லைக் கீழ இருக்கிற சூடே முன்கூட்டிக் காய வச்சிடும், அதனால தீ மேல்நோக்கி ஓட ஓட வேகம் கூடும். மனுஷன் மேல ஏற ஏற வேகம் குறையும். கணக்கு அவ்வளவுதான். அண்ணன் வருஷா வருஷம் தை, மாசில வனத்துறைக்குத் தீத்தடுப்புக் கோடு வெட்டப் போறவர். நாங்க சிகரத்தைப் பார்த்துக்கிட்டு ஏறும்போது, அவர் எந்தப் பக்கம் பாறை, எந்தப் பக்கம் இறங்கலாம்னு பார்த்துக்கிட்டே வந்திருக்கார்.

மச்சான் பத்து நிமிஷம் உக்காந்து, முழங்காலைத் துண்டால கட்டிக்கிட்டு, எழுந்தார். பதினொண்ணு இருபதுக்கு மூணு பேரும் உச்சில.

காத்து ஆளைத் தள்ளுது. மேற்கே கொடைக்கானல் ஊர், தீப்பெட்டி தீப்பெட்டியா வீடு. இன்னொரு பக்கம் சமவெளி, வெயில்ல மங்கலா. அதைவிட என்னை நிறுத்தினது நடுவுல இருந்த பச்சைதான். எல்லாம் எவ்வளவு செழிப்பான காடுன்னு சொன்னேன். அண்ணன் சிரிச்சார். "அது நட்டது தம்பி. எங்கப்பா காலத்துல அதெல்லாம் புல்லு."

தோல் பதனிடப் பட்டைக்காகச் சீகை, விறகுக்கும் ஆலைக்கும் தைலம்னு நட்டாங்க. இப்ப சீகை தானாவே பரவுது. செயற்கைக்கோள் படங்களை வச்சு 2018-ல வந்த ஒரு ஆய்வு, பழனி மலையில நாப்பது வருஷத்துல மூணுல ரெண்டு பங்கு புல்வெளி போயிடுச்சுன்னு சொல்லுது. மரம் வெட்டினா கத்துவோம், மரம் நட்டு ஒரு நிலத்தை அழிக்கலாம்னு எனக்கு அங்க நின்னப்பதான் உறைச்சது. மழைத் தண்ணியைப் பிடிச்சு வச்சு ஓடைக்கு மெதுவா விடறது இந்தப் புல்லும் சோலையும் சேர்ந்துதான். எந்தப் புல்லைத் திட்டிக்கிட்டே ஏறினோமோ, மிச்சம் இருக்கிறது அதுதான். காப்பித் தோட்டத்து அக்கா கேட்டதுக்கு இப்ப பதில் இருக்கு. அங்க புல்லு இருக்குக்கா.

பன்னிரண்டு மணிக்கு மேகம் ஏறுது, கிளம்புன்னுட்டார். இறங்கறது ஏறறதை விடக் கொடுமை. பாதி தூரம் உக்காந்தே வந்தோம். மச்சான் பேன்ட் காலி. மூணேகாலுக்கு டீக்கடை.

போக நினைக்கிறவங்களுக்கு:

1. வனத்துறை அனுமதி இல்லாம ஏறாதீங்க. குரங்கணிக்கப்புறம் 2018-லயே தனி விதிகள் வந்தாச்சு. 2024-ல அரசு 40 பாதைகளோட ஆரம்பிச்ச மலையேற்றத் திட்டமும் இருக்கு, அதையும் பாருங்க.

2. பிப்ரவரிக்கு மேல புல்லுச் சரிவு வேண்டாம். தீப்பெட்டி, சிகரெட், அடுப்பு எந்த மாசமும் வேண்டாம்.

3. ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி. முழங்கால் தகராறு இருந்தா ஒரு கம்பு.

4. உள்ளூர்க்காரர் திரும்புன்னா திரும்பிடுங்க, உச்சி பத்தடி தூரத்துல இருந்தாலும்.

மச்சான் அடுத்து வந்தரவு போகலாமான்னு கேக்கறார். முதல்ல முழங்கால் வீக்கம் வத்தட்டும்னு சொல்லியிருக்கேன்.