இடம் கொடுத்த வீடு

1995 ஒக்டோபர் 30 இரவைப் பற்றி வலிகாமத்தார் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது. ஊரை விட்டு வெளியேறச் சொன்ன ஒலிபெருக்கி அறிவிப்பு, விடாத மழை, நாவற்குழிப் பாலத்தில் அங்குலம் அங்குலமாக நகர்ந்த சனம். அந்த லட்சக்கணக்கானோரில் நாங்களும் இருந்தோம். ஆனால் நடந்த தெருவைப் பேசுகிற அளவுக்கு, போய்ச் சேர்ந்த வீடுகளை நாங்கள் பேசுவதில்லை.

நீர்வேலிப் பக்கம் இராணுவம் வந்துவிட்டதால் வல்லைவெளிப் பாதை எங்களுக்கு இல்லை. தென்மராட்சிக்குள் போய், கொடிகாமத்தில் திரும்பி, சுற்றுவழியாகப் பருத்தித்துறை வந்தோம். தும்பளையில் அம்மம்மா வீடு. எனக்குப் பத்தொன்பது வயது, உயர்தரம் எழுதியிருந்தேன்.

இரண்டு அறையும் ஒரு விறாந்தையும் கொண்ட வீடு. அப்பாவின் தமக்கை குடும்பம், அவர்களோடு வழியில் சேர்ந்த, யாருக்கும் உறவில்லாத இன்னொரு குடும்பம், பிறகு நாங்கள். எப்போது திரும்பிப் போவீர்கள் என்று அம்மம்மா ஒருவரையும் கேட்கவில்லை. அவர் கணக்குப் பார்த்தது அரிசியில் மட்டும்தான். சுண்டை நிரப்பி, மேலே குவிந்ததை விரலால் வழித்து விடுவார். உலையில் போடுமுன் ஒரு பிடியை எடுத்து மூலையில் இருந்த முட்டிக்குள் போடுவார். அரிசி கிடைக்காத நாளுக்கு அது. எங்களுக்குச் சோறு போட்டுவிட்டுத் தான் ஒடியல் பிட்டோடு இருந்துவிடுவார். கேட்டால், “எனக்கு உதுதான் மோனை ஒத்துவரும்” என்பார். பல வருடம் கழித்து, எத்தனை பேருக்குச் சமைத்தீர்கள் என்று கேட்டேன். “அரிசியைத்தான் அளந்தனான். ஆக்களை ஆர் எண்ணினது?” என்றார்.

1990இலிருந்தே பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாம் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு நூல்திரியும், அதுதான் விளக்கு. தாத்தா ஓய்வுபெற்ற தபாலதிபர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ வயரை வானொலியில் கொளுவிவிட்டு என்னைக் கூப்பிடுவார். நான் பெடலைச் சுற்றச் சுற்ற பிபிசி தமிழோசை பேசும். கை சோர்ந்தால் செய்தியும் சோரும். “சுத்தடா, சுத்தடா” என்று அதட்டுவார். யாழ்ப்பாண நகரில் இலங்கைக் கொடி ஏற்றப்பட்டதை அந்த டிசம்பரில் அப்படித்தான் கேட்டோம். அன்று அவர் என்னை அதட்டவில்லை.

1996 தொடக்கத்தில் அப்பாவும் அம்மாவும் தம்பியும் கிளாலிக் கடலால் கிளிநொச்சிக்குப் போனார்கள். தாத்தா அசையமாட்டேன் என்றார். 1987 மே மாதம் வடமராட்சி மீது நடந்த இராணுவ நடவடிக்கையைக் கோயிலுக்குள் ஒதுங்கியிருந்து கடந்தவர்கள் அவரும் அம்மம்மாவும். “அப்பவே ஊரை விட்டுப் போகேல்லை, இனி எங்கை போறது?” என்றார். வயதானவர்களுக்குத் துணையாக என்னை விட்டுப் போனார்கள்.

ஏப்ரல் 19ஆம் திகதி இராணுவம் தென்மராட்சிக்குள் இறங்கியது. கிளாலிப் பாதை அறுந்தது. மே நடுப்பகுதியில் வடமராட்சியும் அவர்கள் கைக்குள் போனது. அம்மா கடலுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்பதை செஞ்சிலுவைச் சங்கத்தின் தாளில் வந்த நாலு வரியில்தான் அறிந்தோம். வாழ்நாளெல்லாம் மற்றவர் கடிதங்களுக்கு முத்திரை குத்திய தாத்தா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார்.

அந்த ஆண்டின் பிற்பாதியில் குடாநாடு முழுவதும் இளம்பிள்ளைகள் பிடிபட்டார்கள்; நூற்றுக்கணக்கானோர் திரும்பி வரவேயில்லை. அன்றிலிருந்து அம்மம்மா என்னைத் தனியே விடவில்லை. கடைக்கு, மந்திகை ஆஸ்பத்திரிக்கு, நூலகத்துக்கு, எங்கே போனாலும் முழங்கால் நோவோடு கூடவே வருவார். சோதனைச்சாவடியில் என் அடையாள அட்டையைக் கேட்டால் முதலில் தன்னுடையதை நீட்டுவார். அதை வாங்கிப் பார்க்கும் சிப்பாய்க்கு விளங்காத தமிழில், “இவன் என்ரை பேரன், என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவன்” என்று சொல்லிக்கொண்டே நிற்பார். உண்மையில் கூட்டிக்கொண்டு வந்தவர் அவர். அந்த வயதில் எனக்கு அது வெட்கமாக இருந்தது. ஒரு பெடியன் கிழவியின் சேலைக்குப் பின்னால் போகிறான் என்று சிநேகிதர் பார்ப்பார்களே என்று. அவர்களில் ஒருவன் சாமான் வாங்கப் போனவன், இன்றுவரை இல்லை.

அப்பாவும் அம்மாவும் பின்னர் வவுனியா, திருகோணமலை என்று அலைந்து கப்பலில் வந்து சேர்ந்தார்கள். இடம்பெயர்ந்தோர் என்று எங்களுக்கு நிவாரண அட்டை இருந்தது. அம்மம்மா தன் வீட்டிலேயே இருந்தவர். அவருக்கு அட்டை இல்லை. எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் ஏறவில்லை.

அந்த ஒரு இரவு பற்றி ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் நிறைய எழுதப்படுகிறது, எழுதத்தான் வேண்டும். அதன்பின் வந்த மாதங்களில் கொடிகாமத்திலும் நெல்லியடியிலும் தும்பளையிலும் யாரோ ஒருவர் தன் பங்குச் சோற்றைக் குறைத்துக்கொண்டுதான் எங்களை வைத்திருந்தார். அவர்களில் பலர் போய்விட்டார்கள். இருக்கிற சிலரிடம் போய்க் கேட்டு எழுதிக்கொள்ள இப்போதும் நேரம் இருக்கிறது.