அண்ணா சாலைக் கடிகாரம்

அண்ணா சாலையில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் என் கண் தன்னால் பி. ஆர் அண்ட் சன்ஸ் கட்டடத்தின் மணிக்கூண்டுக்குப் போய்விடும். சின்ன வயதில் அப்பா அதை நிமிர்ந்து பார்த்துத்தான் கைக்கடிகாரத்தைச் சரி செய்துகொள்வார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

பீட்டர் ஆர் 19-ஆம் நூற்றாண்டில் மதராஸில் தொடங்கிய கடை இது. கடிகாரத்தோடு வைர நகையும் வெள்ளிப் பாத்திரமும் விற்றார்கள். தெய்வ உருவங்கள் எழுப்பிய அவர்களுடைய ‘சாமி வெள்ளி’ லண்டன் அரண்மனை வரை போனது. வேல்ஸ் இளவரசர் 1875-ல் மதராஸுக்கு வந்த அந்தப் பயணத்தில் அவருக்குக் கிடைத்த பரிசுகளில் இந்தக் கடையின் வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்களும் உண்டு.

ஒரு சாமி வெள்ளிக் கிண்ணத்தை அருகில் வைத்துப் பாருங்கள். தகட்டை அரக்கில் பதித்து, சிற்றுளியால் பின்பக்கமிருந்து தட்டித் தட்டி எழுப்பிய தெய்வங்கள். கோயில் தூணில் பார்த்த அதே நிற்கும் அழகு, விரல் உயரத்தில். அடியில் கடையின் முத்திரை இருக்கும். தட்டிய ஆசாரியின் பெயர் இருக்காது.

அதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை. கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கைகளுக்குப் பெயரே இல்லை.

உங்கள் வீட்டில் பழைய வெள்ளிச் சாமான் இருந்தால், தயவுசெய்து உருக்கக் கொடுத்துவிடாதீர்கள். அந்த ஆசாரிக்கு மிச்சமிருக்கும் கையெழுத்து அது ஒன்றுதான்.