சிறகும் சட்டமும்

எப்போதும்வென்றான் கரிசல் காட்டின் மேல் பருந்து வட்டமிடக் காணும்போதெல்லாம், பறப்பதில் மனிதன் கொண்ட தீராத ஆசையை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு. 1970-களின் பிற்பகுதியில் அவ்வாசை எளியோர் கைக்கும் எட்டியது. அலுமினியக் குழாய்கள், துணிச் சிறகு, சிறியதோர் எஞ்சின்; இவையே விமானம்!

1982-இல் அமெரிக்க அரசு இவற்றுக்கு விதி வகுத்தது. ஒருவரே அமரலாம், விமானத்தின் வெற்றெடை 115 கிலோவையும், எரிபொருள் 19 லிட்டரையும் தாண்டலாகாது, மக்கள் நெருங்கி வாழும் இடங்களின் மேல் பறத்தல் கூடாது. இவற்றுக்கு உட்பட்டவருக்கு ஓட்டுநர் உரிமம் வேண்டியதில்லை. ஆபத்து பெரும்பாலும் பறப்பவரோடு நின்றுவிடும் என்பதே அதன் கருத்து. நம் நாட்டிலோ, மைக்ரோலைட் எனப்படும் சிறு விமானத்தைப் பதிவு செய்யவேண்டும். ஓட்டுபவரும் உரிமம் பெறவேண்டும்.

இக்கண்டிப்பு ஆசைக்குப் பகையா? அன்று. தனியே பறப்பவருக்கும் வழிமேல் விழி வைத்திருக்கும் தாய் உண்டு. மனைவி மக்கள் உண்டு. உயிரோ நாம் ஈட்டிய பொருளன்று. இறைவன் நம்மிடம் ஒப்படைத்த கொடை. அதைக் காக்கும் விதி, அன்பின் மற்றொரு வடிவமே.

நம் பிள்ளைகள் விமானம் ஏறாமற்போகலாம். ஆனால் மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலையில் தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிளில் பறக்கிறார்களே! “என் உயிர், என் விருப்பம்” என்னும் மகனுக்கு, அவ்வுயிரில் நமக்கும் பங்குண்டென்று இன்றே அன்போடு எடுத்துரைப்போம்.