துவிச்சக்கர வண்டியிற் கண்ட நகர்

மாணவப் பருவத்தில் நாடோறும் சென்றுவந்த வீதிகளை நாம் நன்கறிவோம் என்றே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையென்பதை உணர்த்தியது 2022 ஆம் ஆண்டின் எரிபொருட் தட்டுப்பாடு. மோட்டார் வண்டி முற்றத்தில் ஓய்ந்து கிடந்தது. பழைய துவிச்சக்கர வண்டியைத் தூசு தட்டி எடுத்து, நம் கல்லூரியிற் பயிலும் மருமகனையும் அவனுடைய வண்டியில் உடனழைத்துக்கொண்டு, ஒரு ஞாயிறு காலை யாழ் நகரின் சிலைகளையும் சின்னங்களையும் காணப் புறப்பட்டோம்.

முதலில் நல்லூர் முத்திரைச் சந்தி. குதிரைமீது வாளேந்தி வீற்றிருக்கும் சங்கிலியனைக் கண்டதும், "மாமா, இது அரசர் காலத்துச் சிலையோ?" என்று கேட்டான். யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது 1619 இல். சிலை நிறுவப்பெற்றது 1974 இல். புதுப்பிக்கப்பெற்றது 2011 இல். இவற்றைக் கூறியபோது அவன் வியப்புற்றான். அரசிழந்து மூன்றரை நூற்றாண்டின் பின்னர் மக்கள் தம் அரசனை நினைந்து எடுத்த சிலை என்றறிந்த பின், அதனை மீண்டும் ஒருமுறை சுற்றிவந்து பார்த்தான்.

அங்கிருந்து நகர்ப்புறம் திரும்பி, மணிக்கூட்டுக் கோபுரத்தை அடைந்தோம். 1875 இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்தமையின் நினைவாக எழுந்த இதனை வரைந்தவர் சிமித்தர் என்னும் கட்டடக் கலைஞர். மணி பார்ப்பதற்கன்றி வேறெதற்கும் நாம் இதனை அண்ணாந்து நோக்கியதில்லை. வண்டியை நிறுத்தி நின்றபோதே அதன் உச்சியிலமைந்த குவிமாடத்தின் வடிவழகு கண்ணிற் பட்டது. போரிலே சிதைந்து, பின்னர் செப்பனிடப்பெற்றது இக்கோபுரம்.

அடுத்து நூலகம். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடப் பாணியில் வரைந்து, 1959 இல் திறக்கப்பெற்ற வெண்ணிற மாளிகை. முன்றிலிலே கலைமகள் வீற்றிருக்கிறாள். மருமகன் சுவர்களை நெடுநேரம் உற்று நோக்கிவிட்டு, "எரித்தார்கள் என்று சொல்கிறார்களே மாமா, எரிந்த அடையாளம் ஒன்றையும் காணோமே?" என்றான்.

நாம் விடையிறுக்கச் சற்றுத் தாமதித்தோம். 1981 யூன் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்து சாம்பலான வேளையில் நாமும் இவன் வயதினரே. கருகிய தாள்களின் நெடியை இன்றும் மறந்தோமில்லை. மீளக் கட்டியோர் தம் பணியைச் செவ்வனே செய்தனர். ஆதலாற் சுவரில் வடுவில்லை. வடுவைச் சுமந்தவர் நாம். அவ்வாறிருந்தும், இத்தனை ஆண்டுகளாக இவ்வாயிலைக் கடந்து போகையில் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சொல்லேனும் சொன்னோமில்லை. அன்று கலைமகளின் முன்னிலையில், நிழலில் அமர்ந்து, நாம் கண்டவற்றையெல்லாம் அவனுக்குக் கூறினோம். அவன் இடைமறித்து ஒன்றும் கேட்டானல்லன்.

திரும்பும் வழியில் அவனே முன்னே சென்றான். வீரசிங்கம் மண்டபத்தின் அயலில் சட்டென வண்டியை நிறுத்தி இறங்கினான். நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் முடிவில், 1974 சனவரி 10 இல் உயிர் நீத்தோருக்கான நினைவுச் சின்னம் அங்குள்ளது. நாம் கவனியாது கடந்திருப்போம், அவன் கடக்கவில்லை. "இதையும் சொல்லுங்கள்" என்றான்.

கல்லும் சுதையும் தாமாகப் பேசா. உடன் செல்வோர் பேசினாலன்றி அவற்றின் பொருள் இளையோரைச் சென்றடையாது. விரைந்தோடும் வண்டியில் இருந்து கொண்டு இப்பணியைச் செய்தல் அரிது. ஆகவே, பழைய மாணவ அன்பர்களே, உங்கள் வீட்டுச் சாய்ப்பிலே பழைய துவிச்சக்கர வண்டி ஒன்று கிடக்குமாயின், அதற்குக் காற்றடியுங்கள். ஒரு பிள்ளையையும் உடனழைத்துச் செல்லுங்கள்.