தீங்கற்ற கட்டி

பீகாரின் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவனுக்கு ஓராண்டாக இடப்பக்க மூக்கு அடைத்திருந்தது. உள்ளூர் மருத்துவர் சைனஸ் என்று சொட்டு மருந்து கொடுத்தார். அவ்வப்போது இரத்தம் வடிந்தது, வெயில் என்றார்கள். வாய் திறந்து மூச்சு விடுவதைக் கண்டு உடன் படிப்போர் சிரித்ததே அவனுக்கு நோயினும் பெருந்துன்பம். ஓரிரவு தலையணை முழுதும் நனைந்த பிறகுதான் தந்தை அவனுடன் தில்லிக்கு ரயில் ஏறினார்.

அரசு மருத்துவமனையில் இளம் மருத்துவர் எண்டோஸ்கோப்பைச் செலுத்தினார். மூக்கின் பின்னே, தொண்டையின் மேற்பகுதியில், வழவழப்பான செந்நிறத் திரட்சி. பயாப்சிக்குத் துணுக்கெடுக்க அவர் முனைந்தபோது, பின்னால் நின்ற மூத்த மருத்துவர் அவர் மணிக்கட்டைப் பற்றித் தடுத்தார். வளரிளம் பருவத்து ஆண்பிள்ளை, ஒருபக்க அடைப்பு, ஓயாத குருதிக்கசிவு: இம்மூன்றும் சேர்ந்தால் ஆஞ்சியோஃபைப்ரோமாவை ஐயுற வேண்டும். தலை, கழுத்துக் கட்டிகளில் 0.5 விழுக்காட்டுக்கும் குறைவான அரிய கட்டி இது. இதன் குருதிக்குழாய்களில் சுருங்குதற்குரிய தசைப்படலம் பெரும்பாலும் இராது. கிள்ளினால் இரத்தம் எளிதில் நிற்காது.

ஆகவே நோயறிதல் படங்களைக் கொண்டே நடந்தது. சி.டி. ஸ்கேனில் மேல்தாடைக் குழியின் பின்சுவர் முன்னோக்கி வளைந்திருந்தது. ஹோல்மன், மில்லர் ஆகியோர் 1965இல் விவரித்த அதே அடையாளம்.

"புற்றுநோய் இல்லையே, டாக்டர் சாகிப்?" என்றார் தந்தை. இல்லை என்றதும் முகம் மலர்ந்தவர், நான்கு யூனிட் இரத்தத்திற்கு ஆள் திரட்டுமாறு கூறியதும் திகைத்துப்போனார். தீங்கற்றது என்றால் இரத்தம் எதற்கு? நியாயமான கேள்வி. வேறிடத்துக்குப் பரவாது என்பதே அச்சொல்லின் பொருள். எலும்பை அரித்துக் கண்குழிக்கும் மண்டையோட்டின் அடிப்பகுதிக்கும் செல்ல இக்கட்டிக்குத் தடையில்லை. தமிழில் அப்பெயரிட்டோர் இதனை எண்ணியிருக்க மாட்டார்கள்.

அறுவைக்கு முந்தைய நாள், தொடைத் தமனி வழியே நுண்குழாய் செலுத்தி, கட்டிக்கு ஊட்டமளித்த மேல்தாடைத் தமனிக் கிளைகளை நுண்துகள்களால் அடைத்தனர். மறுநாள் முகத்தில் கீறலின்றி, மூக்கின் வழியாகவே கட்டி முழுதாக வந்தது. திரட்டிய இரத்தத்தில் ஒரு யூனிட்டே செலவாயிற்று. திசு ஆய்வும் ஆஞ்சியோஃபைப்ரோமா என்றே உறுதிசெய்தது.

எலும்பின் இடுக்கில் எச்சம் தங்கினால் மீண்டும் வளரும். சில ஆண்டுகளேனும் எம்.ஆர்.ஐ. எடுத்துவர வேண்டும். ஊர் திரும்பும் ரயிலில் சிறுவன் வாய் மூடி உறங்கினான். எதிர் இருக்கையிலிருந்த தந்தை மட்டும் அவ்வப்போது எழுந்து தலையணையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.