பையனும் போர் மோட்டாரும் பொம்மப்படமும்

போன தடவை தென்னையில வந்த வெள்ளை ஈயைப் பத்திப் பாதி எழுதிட்டு, மிச்சத்தை அடுத்த வாரம் எழுதறேன்னு சொல்லியிருந்தேன். அது கிடக்கட்டுங்க. ஈ எங்கயும் போயிறாது. இன்னைக்கு எங்க பையனைப் பத்தி எழுதணும்னு இருக்குது.

புதுசா படிக்கறவங்களுக்குச் சொல்லிடறேன். எங்க தோட்டம் திருப்பூர் பல்லடம் ரோட்டுல அருள்புரத்துல இருந்து கொஞ்சம் உள்ளால இருக்குது. ரெண்டேமுக்கா ஏக்கர். சுத்தியும் பனியன் கம்பெனி, குடோன், லைன் வீடு. நடுவுல நாங்க மட்டும் சின்ன வெங்காயம், சோளத்தட்டு, நாலு மாடுன்னு உக்காந்திருக்கோம். ரோட்டுல போறவங்க பாத்தா, ஏதோ பாகப்பிரிவினைக் கேஸ்ல மாட்டிக்கிட்ட பூமி போல இருக்குதுன்னு நினைச்சுக்குவாங்க.

பையனுக்கு இருபத்தாறு வயசு. பி.காம். முடிச்சுட்டு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில கணக்கு எழுதறான். காலையில எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டரைக்குத்தான் வீடு. சாப்பிட்டதும் ரூமுக்குள்ள போயிருவான். அங்க அவனுக்கு மூணு சோலி. கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதறது, ஜப்பான்காரங்க பொம்மப்படம் பாக்கறது, ராக் பாட்டுக் கேக்கறது. பொம்மப்படம்னு சொன்னா கோவம் வந்துரும், அனிமேன்னு சொல்லணும். இது மூணுலயும் சேர்த்து பத்துப் பைசா வரும்படி கிடையாது.

நம்ம பக்கத்துல இது சின்னக் குத்தம் இல்லைங்க. இங்க ஓவர்லாக் அடிக்கறவருக்குப் பீஸ் ரேட் இருக்குது, பேட்லாக் அடிக்கறவருக்கு இருக்குது, வீட்டுத் திண்ணையில காலை நீட்டி உக்காந்து பிசிறு வெட்டற பாட்டிக்குக்கூட டஜனுக்கு இவ்வளவுன்னு இருக்குது. அப்படிப்பட்ட ஊர்ல ஒருத்தன் ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழிச்சிருந்து ரேட்டே இல்லாத வேலை பாக்கறான்னா, ஒறம்பரைக்காரங்க என்ன சொல்லுவாங்க? "சீக்கிரம் கலியாணத்தப் பண்ணி வெச்சிருங்க மாமா, சரியாப் போயிரும்"னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

2025 ஜூலை 23ஆம் தேதி காலையில பால் கறந்துட்டு வர்றேன், பையன் திண்ணையில மூஞ்சியத் தொங்கப்போட்டு உக்காந்திருக்கறான். கண்ணு செவந்திருக்குது. எனக்குப் பக்குனு ஆயிருச்சு. அவங்க அம்மத்தாவுக்கு ஒடம்பு சரியில்லாம இருந்த நேரம் அது.

"யாரு சாமி? எப்பவாம்?"

"ஆஸி ஆஸ்பர்ன் தவறிட்டாருங்ப்பா."

எந்த ஊர்க்காரர், நமக்கு என்ன முறைன்னு ஒரு நிமிசம் ரோசனை பண்ணிட்டேன். அப்புறந்தான் தெரிஞ்சது, இங்கிலாந்துல பாட்டுப் பாடறவராம். பிளாக் சபாத்னு ஒரு குழுவாம், 1968ல பர்மிங்காம்ங்கற ஊர்ல ஆரம்பிச்சாங்களாம். நல்லாத் திட்டலாம்னு வாயெடுத்தேன், அதுக்குள்ள அவன் ஒரு கதை சொன்னான். அந்தக் குழுவுல கிட்டார் வாசிக்கறவர் டோனி அயோமி. பதினேழு வயசுல தகரம் வெட்டற பேக்டரியில வேலை. வேலைய விட்டு நிக்கப் போற கடைசி நாள்ல மிசின்ல கை மாட்டி, வலது கையில ரெண்டு வெரல் நுனி போயிருச்சு. அவர் எடக்கைக்காரர், அதனால கம்பிய அமுத்தறதே அந்தக் கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி வெரலுக்குத் தொப்பி மாதிரி செஞ்சு மாட்டிக்கிட்டாராம். அப்பவும் கம்பி இறுக்கமா இருந்தா வலிக்குதுன்னு பின்னால லூசாக்கிக் கட்டுனாரு. அப்படிக் கட்டுனதுல சத்தம் கனமா, கீழ எறங்கி வந்துச்சு. ஹெவி மெட்டல்னு இன்னைக்குச் சொல்ற பாட்டுக்கு அந்தச் சத்தம் ஒரு அடிமனைன்னு சொன்னான்.

எனக்குப் பாட்டு புரியலை. வெரல் புரிஞ்சுது. பவர் டேபிள்ல ஊசி ஏறுன வெரலோட எத்தனை பேரை நம்ம ஊர் ஆஸ்பத்திரி வாசல்ல பாத்திருக்கோம். அன்னைக்கு அவன் ஒரு பாட்டை எனக்கும் போட்டுக் காட்டுனான். கேட்டதும், "இது நம்ம தறிக்குடோன் சத்தமாட்டவே இருக்குதடா"ன்னேன். சிரிச்சுட்டான். பல்லடம் பக்கத்துல பொறந்தவனுக்கு அந்தச் சத்தம் புதுசில்லைங்க. சின்ன வயசுல தறி ஓடற சத்தம் நின்னாத்தான் எனக்குத் தூக்கம் கலையும். அந்த வயசுல நான் கட்டுத்தரையில ரேடியோவ வெச்சுக்கிட்டு இலங்கை வானொலியில இளையராசா பாட்டுக்குக் காத்துக்கிட்டு இருந்ததுக்கு எங்கப்பாகிட்ட வாங்குன அடியும் நெனப்புக்கு வந்துச்சு. அதைப் பையன்கிட்டச் சொல்லிக்கலை.

பொம்மப்படப் பைத்தியம் சுட்டி டிவியில ஜாக்கிசான் பாத்ததுல தொடங்குனது. இப்ப ஜப்பான் பாசையிலயே கேட்டு, கீழ ஓடற இங்கிலீசைப் படிச்சுக்கறான். பக்கத்து லைன் வீட்டுல ஒரிசாப் பையன் ஒருத்தன் இருக்கறான், செக்கிங்ல வேலை. அவனுக்குத் தமிழ் அரைகுறை, இவனுக்கு இந்தி சுத்தமா வராது. ஆனா நருட்டோன்னு ஒரு படத்தைப் பத்தி மணிக்கணக்கா ரெண்டு பேரும் பேசறாங்க. 2025 செப்டம்பர்ல டீமன் ஸ்லேயர் படம் தமிழ்லயே பேசி தியேட்டருக்கு வந்தப்ப, இவன் அந்தப் பையனையும் இன்னும் நாலு வடக்கத்திப் பசங்களையும் கூட்டிட்டுப் போனான். பத்து வருசமா எங்க வேலியோரத்துல குடியிருக்கற பசங்க பேரு எனக்குத் தெரிஞ்சதே அதுக்கப்புறந்தான்.

இனி மோட்டார் கதைக்கு வர்றேன்.

எங்களுது ஆயிரம் அடி போர். மும்முனைக் கரண்ட் பகல்ல கொஞ்ச நேரம், ராத்திரி கொஞ்ச நேரம் வரும். நடுராத்திரி எந்திரிச்சுப் போய்ச் சுச்சைப் போட்டு, தொட்டி நெறையற வரைக்கும் உக்காந்திருந்து, அணைச்சுட்டு வரணும். தூங்கிட்டம்னா போர்ல தண்ணி வத்திப்போய் மோட்டார் வெறுமனே ஓடி காயில் கருகிரும். ஒரு பேஸ் இல்லாம ரெண்டு பேஸ்ல ஓடுனாலும் அதே கதைதான். காயில் கட்டறதவிட, ஆயிரம் அடிப் பைப்பை வண்டி வெச்சுத் தூக்கி எறக்கற கூலிதான் ஆளைச் சாச்சுப்புடும்.

பையன், "நான் ஒண்ணு செஞ்சு தர்றேனுங்ப்பா"ன்னான். போன்ல ஓட்டற ஸ்டார்ட்டர் கடையிலயே கிடைக்குதேன்னேன். "கிடைக்குது, ஆனா அது எப்படி வேலை செய்யுதுன்னு நமக்குத் தெரியாதுங்களே"ன்னான். தமிழ் மீடியத்துல படிச்ச பையன். கணியம்னு 2012ல இருந்து நெட்டுல வர்ற ஒரு தமிழ் இதழ் இருக்குது, அதுல 'எளிய தமிழில்'னு போட்ட மின்னூல்களைப் படிச்சுத்தான் புரோகிராம் பழகுனான். நானூறு ஐநூறு ரூவாய்க்கு ஒரு போர்டு வாங்கி, ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்துல மாட்டுனான். தண்ணி வத்துனா மோட்டார் இழுக்கற ஆம்ப்ஸ் கொறையும், அதைப் பாத்து அணைக்கறதுக்கு நாலு வரி. மூணு பேஸும் இருக்குதான்னு பாக்க நாலு வரி. கரண்ட் வந்ததும் போட்டு ரெண்டு மணி நேரத்துல அணைக்கறதுக்கு இன்னுங் கொஞ்சம். பதினஞ்சு நாள் ஓடுச்சு. நானும் பதினஞ்சு நாள் விடிய விடியத் தூங்குனேன்.

பதினாறாம் நாள் தை மாசம். ராத்திரி கரண்ட் நாலஞ்சு தடவை போய்ப் போய் வந்திருக்குது. அன்னைக்குன்னு பாத்து போர்ல தண்ணியும் நல்லா ஊறியிருந்துச்சு. காலையில போய்ப் பாத்தா தொட்டி வழிஞ்சு, வாய்க்கால் நெறஞ்சு, எடுக்கப் பத்து நாள் இருந்த வெங்காயத்துல கணுக்காலுக்குத் தண்ணி நிக்குது.

என்ன ஆச்சுன்னா, ரெண்டு மணி நேரம் ஓடுன கணக்கை அந்தப் போர்டு மனசுலயே வெச்சிருந்திருக்குது. கரண்ட் போனா அந்த மனசு அழிஞ்சுரும். மறுக்கா கரண்ட் வரும்போது, இன்னைக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லைன்னு நினைச்சுக்கிட்டு முதல்ல இருந்து ஓட்டும். கணக்கை அழியாத எடத்துல எழுதி வெச்சிருக்கணும், விட்டுட்டேன்னு தலையக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னான். தொட்டியில ஒரு மிதவையும் வெச்சிருக்கணும்னான்.

கால் ஏக்கர் வெங்காயம் அழுகிப்போச்சுங்க. அந்தக் கோவத்துல நான் பேசுனது வெங்காயத்தோட நிக்கலை. பொம்மப்படம், டமார டுமீர்ப் பாட்டு எல்லாத்தையும் இழுத்து, கடைசியில, "உன்னைய நம்பி இந்தப் பூமிய எப்படிடா நான் விட்டுட்டுப் போறது?"ன்னு கேட்டுட்டேன். அவங்கம்மா உள்ள இருந்து ஓடி வந்துட்டா. அவன் ஒரு வார்த்தை பேசலை. ஸ்குரூ டிரைவரை எடுத்துட்டுப் போய் போர்டைக் கழட்டிக்கிட்டு வந்துட்டான்.

அடுத்த பத்துப் பன்னெண்டு நாள் அந்த ரூம்ல லைட்டு ஒம்பதரைக்கெல்லாம் அணைஞ்சுரும். சத்தமே இல்லை. ஞாயித்துக்கிழமை என்கூட வந்து பொழுதுக்கும் குனிஞ்சு அழுகுன வெங்காயத்தப் பிரிச்செடுத்தான். காதுல அந்த ஹெட்போனும் இல்லை. நான் ரொம்ப நாளா ஆசைப்பட்ட மாதிரியே இருந்தான். எனக்குத்தான் ஆகலை. ராத்திரி மோட்டார் போட எந்திரிச்சுப் போறப்ப இருட்டுக் கட்டியிருக்கற அவன் ஜன்னலப் பாத்தா வெசனமா இருந்துச்சு.

ஒரு நாள் நானே போய்க் கதவைத் தட்டுனேன். என்ன பேசறதுன்னு தெரியாம, "ஏங்கண்ணு, அந்த அனிமேயில வெவசாயம் வர்றாப்பல ஏதாச்சும் இருக்குதா?"ன்னேன்.

கொஞ்ச நேரம் என்னையே பாத்தான். "இருக்குதுங்ப்பா. உக்காருங்க"ன்னான்.

சில்வர் ஸ்பூன்னு பேரு. 2013ல வந்தது. கதைய எழுதுனவங்க ஹிரோமு அரகாவான்னு ஒரு அம்மா. ஜப்பான்ல வடக்க ஹொக்கைடோவுல மாட்டுப் பண்ணைக்காரங்க வீட்டுல பொறந்தவங்க. தன்னை வரையணும்னா கண்ணாடி போட்ட பசு மாடாத்தான் வரைஞ்சுக்குவாங்களாம். எனக்கு அங்கயே புடிச்சுப் போச்சு.

பட்டணத்துல படிப்புப் படிப்புன்னு வதைபட்ட பையன் ஒருத்தன், வீட்ட விட்டுத் தப்பிச்சாப் போதும்னு ஒரு வெவசாயப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்றான். மாட்டுல எது முன்னாலன்னுகூடத் தெரியாது. ஒரு பன்னிக்குட்டிக்குப் பேர் வெச்சு வளத்தறான், வேண்டாம்னு எல்லாரும் சொல்றாங்க, கேக்கறதில்லை. கடைசியில அது கறிக்குப் போயிருது. தான் சம்பாதிச்ச காசுல அந்தக் கறி முழுசையும் அவனே வாங்கறான். பேரு வெச்ச கெடாக்குட்டிய நோம்பிக்கு ஓட்டி விட்டவங்களுக்கு இது தெரியும். பையன் கீழ ஓடற இங்கிலீசைப் படிச்சுப் படிச்சு எனக்குத் தமிழ்ல சொன்னான். தினம் ரெண்டு பாகம் பாத்தோம்.

ரெண்டாவது வரிசையில ஒரு எடம் வருது. கூடப் படிக்கற பந்து வெளயாட்டுக்காரப் பையனோட பண்ணை கடன்ல மூழ்கிருது. மாடெல்லாத்தையும் வண்டியில ஏத்திட்டுப் போயிர்றாங்க. அவன் படிப்ப விட்டுட்டுப் போறான். அதோட முடியலை. அவங்களுக்கு ஜாமீன் நின்ன பக்கத்துப் பண்ணைக்காரரும் சேர்ந்து அடி வாங்கறாரு, வளத்துன குதிரைகள விக்க வேண்டியதாகுது.

"ஜாமீனா? நல்லாப் பாத்துச் சொல்லு"ன்னேன்.

"ஆமாங்ப்பா. அவங்க கடனுக்கு இவங்க கையெழுத்துப் போட்டிருக்கறாங்க."

படத்தை நிறுத்தச் சொன்னேன். எங்கப்பா ஒரு பங்காளிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டதை அன்னைக்குத்தான் அவன்கிட்டச் சொன்னேன். அந்தப் பங்காளி கட்டலை. ரெண்டு ஏக்கர் போச்சு. கிரயம் எழுதிக் குடுத்துட்டு வந்த அன்னைக்கு எங்கப்பா சாளையில போய்ப் படுத்தவரு மூணு நாள் எந்திரிக்கலை. மிச்சமிருந்த ரெண்டேமுக்காவை விக்கக் கூடாதுன்னு அப்ப என் மனசுல உழுந்ததுதான், இன்னைக்கு வரைக்கும் புரோக்கர்கள் எல்லாரையும் மோர் குடுத்துத் திருப்பி அனுப்பிட்டு இருக்கறேன்.

"எந்த ரெண்டு ஏக்கருங்ப்பா?"

"நீ தினமும் பைக்குல தாண்டிப் போறியே, நீலத் தகரம் போட்ட குடோன். அது."

ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "ஏனுங்ப்பா இத்தனை நாளாச் சொல்லலை?"ன்னான். அதுக்கு என்கிட்டப் பதில் இல்லை. அவன் ரூமுக்குள்ள போகாம இருந்தா எப்படிச் சொல்றது?

அந்த வாரமே போர்டு மறுபடியும் செவுத்துக்குப் போயிருச்சு. நான்தான் மாட்டச் சொன்னேன். கணக்கு இப்ப அழியாத எடத்துல இருக்குது, தொட்டியில மிதவையும் இருக்குது. தொட்டி நெறஞ்சா என் போனுக்குத் தமிழ்லயே சேதி வர்ற மாதிரியும் எழுதி வெச்சிருக்கறான்.

பங்குனியில ஒரு புரோக்கர் வந்தாரு. மோரைக் குடிச்சுக்கிட்டே பெட்டியப் பாத்துட்டு, "தம்பி செஞ்சதுங்களா? இதுல என்ன வரும்படி வருது?"ன்னாரு. ஒண்ணுமில்லீங்கன்னேன். "சரி, வெங்காயத்துல?"ன்னாரு. கூலியும் மருந்தும் போக நின்னதைச் சொன்னேன். இந்த எடத்தைக் குடோனுக்கு வாடகைக்கு விட்டாலே மாசம் எவ்வளவுன்னு விரல் விட்டு எண்ணிக் காட்டுனாரு. எண்ணி முடிச்சுட்டு, "அப்பனும் மகனும் நல்லாத்தானுங்க சேர்ந்திருக்கறீங்க"ன்னு தலையில துண்டப் போட்டுக்கிட்டுப் போயிட்டாரு.

இந்தத் தோட்டத்தை எனக்குப் பின்னால பாப்பியான்னு இன்னும் அவன்கிட்ட நேராக் கேக்கலைங்க. இப்ப ஒரு கம்பெனியில புரோகிராம் எழுதற வேலைக்கு யாரோ கூப்பிட்டிருக்கறாங்களாம், கோயமுத்தூர்ல. போறதா வேண்டாமான்னு ரோசனையில இருக்கறான்.

நேத்து ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் கிணுங்குச்சு. "தொட்டி நிறைந்தது, மோட்டார் அணைக்கப்பட்டது"ன்னு வந்துருக்குது. படுத்துக்கிட்டே இருந்திருக்கலாம். டார்ச்ச எடுத்துக்கிட்டுப் போய் ஒருக்காப் பாத்துட்டு வந்தேன். அணைஞ்சுதான் இருந்துச்சு. திரும்பி வர்றப்ப அவன் ஜன்னல்ல லைட்டு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

வெள்ளை ஈ அடுத்த வாரம்.