இரும்புக்கும் ஒரு பனிக்குளியல்

சென்ற ஆண்டு தைப்பூசம் முடிந்த மறுவாரம். என் தம்பி மனைவி கழுத்துச் சங்கிலியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, இதை அடகு வைக்கப் போறேன். உங்ககிட்டே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள்.

தம்பி கிள்ளானில் சொந்த லோரி ஓட்டிப் பிழைப்பவன். பழைய லோரி. இஞ்சின் தேய்ந்து புகை கக்க ஆரம்பித்துவிட்டது. யாரோ ஒருவர், "இஞ்சினைக் கழற்றி ஐஸில் வைத்து எடுத்தால் இரும்பு புதிதாகிவிடும், இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்று சொல்லி முன்பணம் கேட்டிருக்கிறார். அதற்குப் பெயர் கிரையோஜெனிக் வைத்தியமாம்.

அந்தப் பெயர் நமக்குப் புதிதல்ல. 2014 ஜனவரியில் இந்தியாவின் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் உள்நாட்டிலேயே செய்த கிரையோஜெனிக் இஞ்சினோடு வெற்றிகரமாகப் பறந்தபோது, பத்திரிகைகளில் எல்லாம் படித்தோம். திருநெல்வேலிப் பக்கம் மகேந்திரகிரியில் சோதிக்கப்பட்ட இஞ்சின் என்று பெருமைப்பட்டோம். ஆனால் அங்கே குளிர்ந்திருப்பது எரிபொருள். லோரி இரும்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? எனக்குப் புரியவில்லை.

என் தகப்பனார் இருந்திருந்தால் சொல்லியிருப்பார். செந்தூல் ரயில்வே பட்டறையில் கொல்லுலைப் பக்கம் வேலை பார்த்தவர் அவர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் நாங்கள் வளர்ந்தோம். ரயில் பெட்டிகள் நின்ற இடத்தில் 2001-லிருந்து கே.எல். சென்ட்ரல் நிற்கிறது. அப்பா வீட்டில் உளியைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்ப்பார். அதற்குத் துவைச்சல் என்று பெயர். "சூடு காட்ட எல்லாருக்கும் தெரியும். ஆறவிடத் தெரியணும்" என்பார்.

அப்பா இல்லை. அப்போதுதான் என் பழைய மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். கிள்ளானில் இயந்திரப் பாகங்களைப் பதப்படுத்தும் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவனைப் பார்க்கப் போக என் கால் கூசியது. ஆறாம் ஆண்டில் அவனை வைத்துக்கொண்டே அவன் தகப்பனாரிடம், "இவன் மண்டையில் எதுவும் ஏறாது ஐயா, தோட்ட வேலைக்குத்தான் லாயக்கு" என்று சொன்னவள் நான்.

போனேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். "கேளுங்க டீச்சர், மெதுவாவே சொல்றேன்" என்றான்.

எஃகைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்ததும் அதன் உள்கட்டு மாறிக் கெட்டிப்படுகிறது. அந்தக் கெட்டியான நிலைக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். ஆனால் எல்லாம் மாறிவிடுவதில்லை. ஆஸ்டனைட் என்ற மென்மையான நிலையிலேயே ஒரு பங்கு உள்ளே தங்கிவிடும். நடுவில் அரிசி நிற்கும் சோறு மாதிரி. அதை மேலும் மேலும் குளிர வைத்தால் அந்தப் பங்கிலும் பெரும்பகுதி கெட்டிப்படும். அதற்குத்தான் திரவ நைட்ரஜன். பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரியில் அது கொதிக்கிறது!

"அதில் தூக்கிப் போடுவீர்களா?" என்றேன்.

"போட்டா விரிசல் விட்டுடும் டீச்சர். பெட்டிக்குள்ளே வெச்சு, குளிரைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். பல மணி நேரம், ஒரு நாள் வரைக்கும்கூட அப்படியே வைக்கணும். அப்புறம் அதே நிதானத்தோட வெளியே கொண்டுவரணும். கடைசியிலே லேசா சூடு காட்டணும். இல்லேன்னா கண்ணாடி மாதிரி நொறுங்கும்."

இப்படிப் பதப்படுத்திய எஃகுக்குள் நுண்ணிய கார்பைடு துகள்கள் உருவாகித் தேய்மானம் குறைகிறதாம். வெட்டும் கருவிகள், பற்சக்கரங்கள், பந்தய வண்டிகளின் பாகங்கள் ஆகியவற்றுக்குச் செய்கிறார்கள். மேலே பூசுகிற பூச்சு அல்ல, உள்ளே முழுவதும் நடக்கிற மாற்றம். ஆனால் எல்லா இரும்புக்கும் ஒரே பலன் இல்லை. கரிச்சத்து குறைந்த சாதாரண இரும்புக்கு அதிகப் பயன் கிடையாது.

தம்பியின் கதையைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"தேஞ்ச இடத்திலே இரும்பு இல்லே டீச்சர். இல்லாத இரும்பைக் குளிர் எங்கேயிருந்து கொண்டுவரும்? இது புதுப் பாகத்துக்குச் செய்யறது. அண்ணனை போரிங் பண்ணி, பிஸ்டனும் ரிங்கும் மாத்தச் சொல்லுங்க."

அப்படியே செய்தோம். சங்கிலி அடகுக் கடைக்குப் போகாமல் இல்லை. ஆனால் கேட்ட பணத்தில் பாதிதான் தேவைப்பட்டது. தீபாவளிக்கு முன் மீட்டுவிட்டோம். லோரி ஓடுகிறது.

வாசக அன்பர்களே, வண்டி வைத்துப் பிழைப்பவர்கள் நம்மில் அநேகர். யாரேனும் விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லிப் பணம் கேட்டால், அந்தத் தொழில் தெரிந்த ஒருவரை முதலில் விசாரியுங்கள்.

புறப்படும்போது, ஆறாம் ஆண்டில் நான் சொன்னதை அவனிடம் எடுத்தேன். "மறந்துட்டேன் டீச்சர்" என்றான். மறக்கவில்லை என்று அவன் முகம் சொன்னது. மன்னிப்புக் கேட்டேன். அவனுக்குத்தான் சங்கடமாகிவிட்டது.

வரும் பள்ளித் தவணையில் எங்கள் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் வந்து இதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். வருகிறேன் என்றிருக்கிறான். பெற்றோரையும் அழைத்திருக்கிறேன், தொழிற்கல்வி என்றால் முகம் சுளிக்கும் பெற்றோரை முக்கியமாக. நான் பின் வரிசையில் உட்கார்ந்து கேட்கப் போகிறேன்.